ஆறேமுக்காலும் ஐஸ் மேல் ஆடிய பெண்ணும்

இந்த உலகத்தில் எதையும் பாதியில் விடத் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கள்ளக்குறிச்சியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் ஆறேமுக்கால். ஆண்டவனுக்கு எவ்வளவு குசும்பு பாருங்கள்.

சொந்தப் பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை. தபால்காரரே “ஆறேமுக்கால், லெட்டரு!” என்றுதான் கூவுவார். அவரும் முகம் சுளிக்காமல் வந்து வாங்கிக்கொள்வார்.

நான் அப்போது ஓர் அரசாங்க ஆபீசில் இளநிலை உதவியாளன். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்து, அந்தக் கடைக்கு மேலே இருந்த லாட்ஜில் ஓர் அறையில் குடியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் கிரீஸ் வாசனை, மூடினால் மூட்டைப்பூச்சி. ஆகவே ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கீழே கடை பெஞ்சில்தான் என் ஜாகை.

யாராவது பாதிக் கதை சொல்லிவிட்டு எழுந்து போனால் ஆறேமுக்காலுக்கு உடம்புக்கே ஆகாது. ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த சங்கராபுரத்துக்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து, தன் மாமியார் கிணற்றில் குதிக்கப்போவதாகச் செய்த ரகளையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவாரசியமான கட்டத்தில் பஸ் வந்துவிட்டது. “மீதிய அப்பால சொல்றேன்” என்று ஏறிப் போய்விட்டார். ஆறேமுக்கால் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ்ஸைத் துரத்தினார். இரண்டாவது ஸ்டாப்பில் பிடித்து, ஜன்னல் கம்பியைத் தொற்றிக்கொண்டு கேட்டாராம்: “குதிச்சாங்களா, குதிக்கலியா?”

“குதிக்கல.”

“சரி, போ.”

டூரிங் டாக்கீசில் ஒருமுறை படம் பாதியில் அறுந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் கொட்டகையைக் கூட்ட வந்த ஆயம்மா இவரையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது என்று நானும் போன புதிதில் கேட்டேன். பதில் சொல்லத்தான் ஊரே காத்துக்கொண்டிருந்ததே!

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ‘நிற்காத சைக்கிள்’ நடக்கும். திடலின் நடுவில் ஒரு கம்பம் நட்டு, டியூப்லைட் கட்டி, ரேடியோ செட் அலற, ஒரு மனிதர் ஏழு நாள் இரவும் பகலும் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றிச் சுற்றி ஓட்டுவார். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. நம்மவர் இளவட்டமாக இருந்தபோது நைனார்பாளையம் திடலில் அப்படி ஏறினார். வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பம், அடுத்த வெள்ளி பன்னிரண்டுக்கு முடிவு. அந்த அடுத்த வெள்ளி காலை ஆறு மணிக்கு, மாலையும் மேளமும் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், தொப்பென்று கீழே கிடந்தார். ஆறேமுக்கால் நாள். கால் நாள் பாக்கி.

ஏன் விழுந்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார். எனக்கு ஆடு குறுக்கே வந்தது. லாட்ஜ் மேனேஜருக்கு டயர் வெடித்தது. எதிர்க்கடை டெய்லருக்குக் கண் திருஷ்டி. டெய்லர் ஒன்றையும் நம்பவில்லை. அவர் பேண்ட் அளவு எடுக்கும்போதுகூட நாம் சொல்லும் இடுப்பை நம்பாத ஆள்.

ஆறேமுக்காலின் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. தெரியாத ஆளுக்கு சைக்கிள் கொடுத்தால் ஈடாக ஒரு சாமான் வாங்கி வைத்துக்கொள்வார். காசோ கைக்கடிகாரமோ வாங்க மாட்டார். “அத உட்டுட்டுப் போறவன் போய்க்கினே இருப்பான் சார். எது இல்லாங்காட்டி அவனால இருக்க முடியாதோ அத்த வாங்கணும்” என்பார். ஆகவே அவருடைய அலமாரியில் ஒற்றைச் செருப்பு, பரீட்சை ஹால்டிக்கெட், ஒரு பெரியவரின் பல் செட் முதலியவை இருக்கும். பல் செட்காரர் கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். கல்வராயன் மலையில் பறவை பார்க்க வந்தவராம். கோமுகி அணை வரைக்கும் போக சைக்கிள் வேண்டும் என்றார். என் ஆங்கிலத்தை நம்பி என்னை மாடியிலிருந்து அழைத்தார்கள். நான் பேசியது அந்த அம்மாவுக்குப் புரிந்ததா என்று தெரியாது. கடைவாசலில் கூடி நின்றவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. ஈடாக அந்த அம்மா பாஸ்போர்ட்டை நீட்டினார். ஆறேமுக்கால் புரட்டிப் பார்த்துவிட்டு, “வேணாம், போட்டோவே சரியில்ல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு அவர் கண் அந்த அம்மாவின் தோள்பையில் துருத்திக்கொண்டிருந்த தடிப்புத்தகத்தின் மேல் விழுந்தது. நடுப்பக்கத்தில் ஒரு பறவை இறகு அடையாளத்துக்குச் செருகியிருந்தது.

“அத்தக் கேளு சார். பாதி படிச்சிக்கினு இருக்குது. கண்டிப்பா திரும்பி வரும்.”

உலகத்தில் எல்லாரும் தன்னைப் போலத்தான் என்று நினைக்கிற நல்ல மனசு.

மறுநாளே எல்லா வழியும் அடைபட்டுவிட்டது. இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. சாலை நெடுகப் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, தபால் இல்லை, ஆபீசில் கையெழுத்துப் போட அதிகாரி இல்லை. அந்த நாட்களின் நியாயத்தையும் துக்கத்தையும் எழுத வேண்டியவர்கள் இருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். என் பங்குக்கு எனக்குத் தெரிந்தது ஒரு சைக்கிள் கடை மட்டும்தான்.

சைக்கிள் ஒரு போலீஸ் ஜீப்பின் பின்னால் கட்டப்பட்டு வந்து சேர்ந்தது. வெள்ளைக்கார அம்மாவை வேறு வழியாக சேலத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். புத்தகம் ஆறேமுக்காலிடம் தங்கிவிட்டது. அவர் சோறு தண்ணீர் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பாதில நிக்குது சார். பாவம், அந்தம்மா எங்க போயி இத்த முடிக்கும்? நீயாவது படிச்சிச் சொல்லு. யாராவது ஒருத்தரு முடிச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.”

எனக்கும் வேறு வேலை இல்லை. படித்தேன். பனிச்சறுக்கு ஆட்டத்தில் உலக சாம்பியனாக இருந்த ஒரு பெண் எழுதிய தன் வரலாறு அது. நடுவில் படங்கள் இருந்தன.

“இந்தப் பொண்ணு இன்னா சார் பண்ணுது?”

“ஐஸ் மேல ஆடுது.”

“ஐஸுன்னா? சர்பத்துல போடற ஐஸா?”

“அதேதான். ஒரு மைதானம் பூரா.”

“உமி கொட்டி வெச்சிருப்பாங்களா?” ஐஸ் பாளத்தை உமிக்குள் புதைத்து மட்டுமே பார்த்தவர் வேறென்ன கேட்பார்? “காலுல இன்னா அது?”

“கத்தி மாதிரி. ஷூவுக்கு அடியில.”

“சேவலுக்குக் கட்றாப்பலயா? எதிராளி யாரு?”

“எதிராளி இல்லண்ணே. தனியாத்தான் ஆடணும்.”

“எதிராளி இல்லன்னா கத்தி இன்னாத்துக்கு?”

நான் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

புத்தகத்தின் அட்டையில் அந்தப் பெண் இத்துனூண்டு பாவாடையோடு ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். வீட்டில் பார்த்தால் வம்பு என்று ஆறேமுக்கால் காலண்டர் தாளில் அதற்கு அட்டை போட்டு வைத்திருந்தார். அதனாலேயே அவர் மனைவி பச்சையம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மதியச் சோறு கொண்டுவந்தவர் தூக்கை வைத்த கையோடு புத்தகத்தைப் பிடுங்கி, காலண்டர் தாளை உரித்தார். ஆறேமுக்கால் சக்கரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். பச்சையம்மா படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏன் சார், இத்தினிக்காண்டு துணிய கட்டிக்கினு ஐஸு மேல நிக்குதே, இதுக்குச் சளி புடிக்காது? பெத்தவ இருக்காளா, இல்லியா?”

“இருக்காங்க. அவங்கதான் ஆறு வயசுலேர்ந்து விடிகாலை நாலு மணிக்கு எழுப்பிப் பழக்கினாங்க. பொண்ணு குண்டாயிடும்னு முட்டைகூடத் தின்ன விடல.”

“அடிப் பாவி மவளே!” என்று பச்சையம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர்தான் எனக்கு முதல் ரசிகை.

நான்கு நாள் படித்தேன். பத்தொன்பது வயதில் அந்தப் பெண் சாம்பியன் ஆனபோது ஆறேமுக்கால் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பயிற்சி கொடுத்தவனையே அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டார். குடிக்க ஆரம்பித்தபோது, “அந்தக் கட்டையில போறவன்தான் கத்துக் குடுத்திருப்பான்” என்று தீர்ப்பும் சொன்னார்.

“பேரும் புகழும் வந்தப்புறம் கடைத்தெருவுக்கே போக முடியலயாம். ஜனம் மொய்ச்சிடுமாம். வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்திருக்கு” என்று படித்துச் சொன்னேன்.

“எனக்கும் அப்பிடித்தான் சார்” என்றார் ஆறேமுக்கால்.

“உங்களுக்கா?”

“நைனார்பாளையம் பக்கமே போறதில்ல நானு. மாமனார் வூட்டு நல்லது கெட்டதுக்குக்கூடப் போறதில்ல. ஜனம் மொய்ச்சிக்கும். மொய்ச்சிக்கினு சிரிக்கும்.”

நான் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பச்சையம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அந்தப் பெண் விழுந்தாள். நான்கு நிமிஷ ஆட்டம். உலகமே டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் நன்றாகப் போய், கடைசியில் ஒரு தாவு தாவும்போது சறுக்கி விழுந்துவிட்டாள்.

ஆறேமுக்கால் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். “முடிய எத்தினி நேரம் இருந்துது?”

“அரை நிமிஷம்.”

எதிர்க்கடை டெய்லர் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஆடும் வரல, டயரும் வெடிக்கல சார். தூங்கிட்டேன். ஏழு ராத்திரி முழிச்சிக்கினு இருந்தேன், பொழுது விடியறப்போ கண்ண மூடிட்டேன். தோ, இந்தப் பொண்ணு விழுந்தேன்னு நாலு பேரு படிக்க எழுதிக்கினு இருக்குது. நா பதினாலு வருசமா ஆட்டு மேல பழி போட்டுக்கினு இருக்கேன்.” அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பால இன்னா ஆச்சி? எழுந்து முடிச்சிதா?” என்றார்.

“நாளைக்குப் படிக்கலாம்ணே” என்று மாடிக்கு ஓடிவந்துவிட்டேன்.

அறையில் உட்கார்ந்து மீதியைப் படித்தேன். அவள் முடிக்கவில்லை. அன்றைக்குக் கழற்றிய ஷூவை அப்புறம் மாட்டவே இல்லை. குடியை விட்டாள், புருஷனை விட்டாள், ஒரு சின்ன ஊரில் பூக்கடை வைத்து நிம்மதியாக இருக்கிறாள். அவ்வளவுதான் புத்தகம். எனக்கு அந்தப் பெண் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த முடிவை நான் போய் எப்படி அந்த மனுஷனிடம் சொல்வேன்?

மறுநாள் காலை இருவரும் பெஞ்சில் காத்திருந்தார்கள். டெய்லரும் ஊசியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் கடைசி அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததையெல்லாம் வாசித்தேன். பல வருஷம் கழித்து ஒருநாள் காலை, ஆளில்லாத மைதானத்துக்கு அவள் தனியாகப் போகிறாள். பழைய ஷூவை மாட்டுகிறாள். விட்ட இடத்திலிருந்து அந்த அரை நிமிஷத்தை மட்டும் ஆடி முடிக்கிறாள். கைதட்ட ஒருவரும் இல்லை. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறாள். முற்றும்.

பச்சையம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். ஆறேமுக்கால் எழுந்து நின்றார்.

“விட்ட எடத்துலேர்ந்தா? மொதல்லேர்ந்து ஆட வேணாமா?”

“வேணாம்” என்றேன். பொய் சொன்ன பிறகு கஞ்சத்தனம் எதற்கு?

“அப்ப எனக்கு மிச்சம் கால் நாளுதான?”

“யோவ்” என்றார் டெய்லர், “நடுவுல பதினாலு வருசம் எறங்கி நின்னுட்டியே!”

“அது இடைவேள.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. பஸ் இல்லாததால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு துடைத்துவிட்டது போலக் கிடந்தது. காலை ஆறு மணிக்கு, அலமாரிக்கு மேலிருந்த பழைய சைக்கிளை எடுத்து எண்ணெய் போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு அவர் ஏறி பஸ் ஸ்டாண்டைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். முதல் சுற்றில் நாங்கள் மூன்று பேர்தான் பார்த்தோம்: பச்சையம்மா, டெய்லர், குற்றவாளியான நான்.

ஏழு மணிக்கு ஏட்டய்யா வந்தார். ஊரில் தடை உத்தரவு. நாலு பேருக்கு மேல் கூடி நிற்கக்கூடாது.

“இன்னாய்யா இது? யாரு போராட்டம்? இன்னா கோரிக்க?”

ஆறேமுக்கால் கடந்துபோகும்போதே கூவினார்: “கால் நாளுங்க!”

“யாருகிட்ட கேக்கற?”

அவர் அதற்குள் பஸ் ஸ்டாண்டின் மறுகோடியில் இருந்த கழிப்பறைப் பக்கம் போய்விட்டார். அடுத்த சுற்றில் வந்து, “யாருகிட்டயும் இல்லீங்க! எனக்குச் சேர வேண்டியத நானே ஓட்டி முடிச்சிக்கிறேன்!” என்றார்.

ஏட்டய்யா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஒற்றை ஆள் சைக்கிள் ஓட்டுவது கூட்டம் ஆகுமா என்று அவருக்கே தெரியவில்லை. “சரி, அவன் ஓட்டட்டும். பாக்கறவங்க நாலு பேருக்கு மேல நிக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டு அவரும் நின்று பார்க்க ஆரம்பித்தார். அப்போது ஒரு டீக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். ஏட்டய்யா தலைகளை எண்ணினார். “அஞ்சி ஆவுது. டெய்லரு, நீ கெளம்பு.”

“நா ஆறு மணிக்கே வந்தவன்!”

“அதான் நெறைய பாத்துட்டியே.”

டெய்லர் இருபதடி தள்ளிப் போய் நின்றார். அவரைச் சுற்றி இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். அது இன்னொரு நாலு. சேதி கருணாபுரம் வரைக்கும் போய்விட்டது. பத்து மணிக்குள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஊரே திரண்டுவிட்டது, ஆனால் நாலு நாலாக, இடைவெளி விட்டு, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு. மரத்தை வெட்டிப் போட்டவர்கள், அகற்ற வந்தவர்கள், இரண்டு பக்கமும் திட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஆனால் எல்லாருடைய தலையும் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

பத்தேமுக்காலுக்கு அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, இரவு பூராவும் தூங்கவும் இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம் ஆனது இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஹேண்டில்பார் ஆடியது. இல்லாத அரை நிமிஷத்தைச் சொல்லி இந்த மனுஷனை இரண்டாம் தடவை ஊர் நடுவில் தள்ளிவிடப்போகிறேனே! ஓடிப்போய் உண்மையைச் சொல்லி இறக்கிவிடலாமா என்று ஒரு காலை எடுத்தும் வைத்தேன்.

அப்போதுதான் டெய்லர் தன் நாலு பேரிடம் உரக்கச் சொன்னார்: “இதெல்லாம் சும்மாப்பா. நிக்காத சைக்கிளு ஓட்டறவனுங்க எல்லாம் ராத்திரி ஜனம் போனதும் எறங்கிப் படுத்துக்குவானுங்க. விடியறப்போ ஏறிக்குவானுங்க. ஆறேமுக்காலே கெடையாது, மூணு நாளு தேறினா ஜாஸ்தி.”

சைக்கிளில் இருந்தவர் காதில் அது விழுந்தது. முகம் செத்துப்போயிற்று. கால் தரையைத் தேட ஆரம்பித்தது.

பச்சையம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

“யாருய்யா சொன்னது எறங்கினாருன்னு? நா பாத்தேன்! எங்க வூடு அந்தத் திடலுக்கு எதிர் வூடு!”

ஆறேமுக்கால் திரும்பிப் பார்த்தார். “நீ இன்னா பாத்தே?”

“சுத்திக்கினு வா, சொல்றேன்.”

அவர் மிதித்தார். பாதிக் கதை! அந்த மனுஷனால் எப்படி நிற்க முடியும்? ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டார்.

“இந்த ஆளு எப்பிடியும் ராத்திரில எறங்குவான்னு எங்க அண்ணிகிட்ட பந்தயம் கட்டினேன்!” என்றார் பச்சையம்மா ஊருக்கே கேட்கும்படி.

“அப்பால?” சைக்கிள் கடந்து போனது. “அப்பால?” கழிப்பறைப் பக்கமிருந்து கேட்டது.

அடுத்த சுற்று. “எறங்கினதும் கத்தி ஊரக் கூட்டி நாறடிச்சிரலாம்னு ஜன்னலாண்டயே குந்திக்கினு இருந்தேன்!”

“அடிப்பாவி! எத்தினி நாளு?”

“மிதி, மிதி! வந்தாச் சொல்றேன்!”

இப்படியே ஒரு மணி நேரம். ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியம். பதினாலு வருஷம் குடும்பம் நடத்தியும் சொல்லாத கதையை அந்தம்மா பஸ் ஸ்டாண்டில் வைத்துத் தவணை முறையில் சொன்னார். நடுவில் அண்ணி தூங்கிவிட்டதை இரண்டு சுற்றுக்கும், கொசுக்கடியை நாலு சுற்றுக்கும் இழுத்தார். எந்தத் தொடர்கதைக்காரருக்கும் அந்தச் சாமர்த்தியம் வராது. ஜனங்கள் நாலு நாலாகவே முன்னே நகர்ந்து வந்தார்கள்.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் பஸ் உள்ளே நுழைந்தது. ஹாரன் அடித்தது. ஏட்டய்யா பாய்ந்து போய் விசில் ஊதி, இரண்டு கையையும் விரித்து மறித்தார். “நில்லு! கால் மணி நேரம்!”

டிரைவர் எட்டிப் பார்த்தார். “ஒரு வாரமா நின்னுட்டோம். இதுக்கு மேல கால் மணில இன்னா கொறஞ்சிடப் போவுது?” என்று எஞ்சினை அணைத்தார். பயணிகள் ஜன்னலில் தலையை நீட்டினார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்ததால் தடை உத்தரவுக்குள் வரமாட்டார்கள் என்று ஏட்டய்யா தாமாகவே அறிவித்தார்.

“ஏழு ராத்திரி!” பச்சையம்மாவின் குரல் கம்மிவிட்டது. “ஏழு ராத்திரியும் கண்ணு கொட்டாம பாத்தேன். ரேடியோ செட்டுக்காரனே தூங்கிட்டான். நாயும் தூங்கிடுச்சி. இந்த ஆளு மட்டும் யாருமே பாக்காத எடத்துல சுத்திக்கினே இருந்தாரு!”

அடுத்த சுற்று.

“விழுந்தப்போ எல்லாரும் சிரிச்சாங்க. நா அழுதேன். எங்கப்பாகிட்ட போயி, கட்டினா இவரத்தான் கட்டுவேன்னு சொன்னேன்!”

“ஏண்டி?” என்று கத்திக்கொண்டே ஆறேமுக்கால் போனார். அந்தச் சுற்றுதான் அன்றைக்கு மிக வேகமான சுற்று. ஏட்டய்யா கடிகாரத்தில் பன்னிரண்டு. டெய்லர் கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிஷம். எதிலும் பாதி வைக்காதவர் டெய்லர் கடிகாரத்துக்கும் சேர்த்தே ஓட்டினார். பிறகு பச்சையம்மாவுக்கு எதிரே வந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

“ஏன்னு சொல்லுடி.”

“யாருமே பாக்காதப்போகூட சைக்கிள உட்டு எறங்காத ஆளு, என்ன உட்டுட்டா போயிருவான்?”

ஆறேமுக்கால் ஹேண்டில்பார் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதார். டெய்லர்தான் முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லா நாலு பேரும் சேர்ந்து ஒரே கூட்டமாகிவிட்டார்கள். ஏட்டய்யா எண்ணவில்லை.

அன்று முதல் அவரை ‘ஏழு’ என்று அழைக்க டெய்லர் ரொம்பப் பாடுபட்டார். ஒட்டவில்லை. கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ‘ஆறேமுக்கால்’ என்று மொட்டையாகக் கூப்பிட்டவர்கள் ‘ஆறேமுக்கால் அண்ணே’ என்று கூப்பிட்டார்கள். அந்த வருஷம் அவர் நைனார்பாளையத்துக்குப் பொங்கலுக்குப் போனார். நானும் மாற்றலாகிப் போய்விட்டேன்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு ஒரு கல்யாணத்துக்காக அங்கே போனேன். கடையில் இப்போது பைக் ரிப்பேர். ஓரமாக நாற்காலியில் ஆறேமுக்கால், எழுபதைத் தாண்டியவர், அதே விபூதி. பச்சையம்மா எனக்கு மோர் கொடுத்தார். மகள் நைனார்பாளையத்தில் இங்கிலீஷ் டீச்சராம். அதைக் கேட்டதும் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தேன். அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்தது. இறகும் இருந்தது.

“பொண்ணு முழுசாப் படிச்சிச் சொல்லிச்சி சார். அந்தப் புள்ள மறுபடியும் ஐஸுல ஏறவே இல்லியாமே” என்றார் அவர்.

“மன்னிச்சிடுங்கண்ணே. பொய் சொல்லிட்டேன். எனக்கு மனசு வரல.”

“பொய்யின்னு ஏன் சொல்ற? இன்னும் நடக்கலன்னு சொல்லு.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “மிச்சம் அர நிமிசந்தான? ஒரு கடுதாசி போடு சார், இங்க வரச் சொல்லு. ஐஸ் பேக்டரில சொல்லி வெச்சிருக்கேன். உமியெல்லாம் கழுவித் தரேன்னுட்டான். நாங்க ரெண்டு பேரு பாக்கறோம். டெய்லரு இன்னும் இருக்கான், அவனோட மூணு.”

“நாலாவது ஆளு?” என்றேன்.

“நீதான். நீ பாதில போயிடாத.”

அம்மா, நீங்கள் எந்த ஊரில் பூக்கடை வைத்திருந்தாலும் சரி. நான் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.